ஒளிப்படமும் இடக்குறியும்

முன்னுரை

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஐம்பதாண்டு இடையீட்டில் இருவர் இருவேறு கருவிகளுடன் வந்தனர். முன்னவர் வில்லியம் லாம்டன். 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சென்னைப் பரங்கிமலையை அடுத்த வெளியில் அடிக்கோடு அளந்து, இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கியவர் அவர். 1808-இல் கோணமளக்கும் பெருங்கருவியாகிய தியோடலைட்டைக் கோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றுங்கால் அது மோதிப் பழுதுற்றது. அவரே இருந்து அதனைச் செப்பனிட்டார். பின்னவர் சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் டிரைப். 1858-இல் அவர் வெளியிட்ட படத்தொகுதிகளுள் தஞ்சையும் மதுரையும் இடம்பெற்றன. விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுக்களைப் பகுதி பகுதியாகப் படம்பிடித்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் அமைத்தமை குறிப்பிடத்தக்கது.

முன்னவர் அறிய விரும்பியது அவ்விடம் புவியில் எங்குள்ளது என்பது. பின்னவர் காட்ட விரும்பியது அவ்விடம் எவ்வாறுள்ளது என்பது. இவ்விரண்டு அறிவும் ஒரே கோயிலில் நின்றும் ஒன்றையொன்று சேரவில்லை. அளவை எண்கள் அளவைத்துறை ஏடுகளிலும், படங்கள் படத்தொகுதிகளிலும் தனித்தனியே தங்கின. அவை இரண்டும் ஒரே கோப்பினுள் சேர்ந்தது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரே. டிஜிட்டல் ஒளிப்படத்தினுள் அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய அளவெண்களைப் பொறித்து வைக்கும் முறை அது. பள்ளி நூல்கள் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் பெயர்களால் வழங்குவன இவையே. இவ்வாறு பொறிக்கப்பெறும் எண்களை ஈண்டு இடக்குறி எனக் கொள்வோம். அஃது எவ்வாறு தோன்றியது, நிலப்பட மென்பொருள் கொண்டு பின்னர் அதனைச் சேர்க்கும் வழக்கம் எவ்வாறு பரவியது, வரலாற்று ஆய்வாளர் அதனை எத்துணை நம்பலாம் என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை இடச்சுட்டு

இடத்தை ஐயமறச் சுட்டுதல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சோழர் கல்வெட்டுக்கள் ஓர் ஊரைக் கூறுங்கால் வளநாடு, நாடு அல்லது கூற்றம், ஊர் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவரும். நிலக்கொடைகளில் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என நான்கெல்லை கூறப்படும். ஆனைமங்கலக் கொடையைக் கூறும் செப்பேட்டினின்றும், பிடியானையை நடத்தி எல்லையைச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டிய வழக்கத்தை நாம் அறிகின்றோம்.

இம்முறையின் இயல்பு யாது? இடம் தன் அண்டையிடத்தால் அறியப்படுகின்றது. வாய்க்காலுக்கு வடக்கு, இன்னாருடைய நிலத்திற்கு மேற்கு என்னும் சொற்கள், அவ்வாய்க்காலும் அந்நிலமும் இருக்குங்காறும் பொருள் தரும். வாய்க்கால் தூர்ந்து, ஊர்ப்பெயர் மாறின் எல்லை புலப்படாது. கல்வெட்டில் வரும் ஊர்கள் பல இன்று எவை எனத் துணியக் கூடாமைக்கு ஒரு காரணம் இதுவே. ஆயினும் இம்முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. யார் கூறினர், யார் உடன் நடந்தனர், யார் கையெழுத்திட்டனர் என்பதும் அதனுள்ளேயே பதிவாகியிருக்கும். இடச்சுட்டு என்பது சான்றாளரோடு கூடிய ஒரு கூற்றாக இருந்தது. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

டிரைப் முதலியோர் காலத்துப் படங்களுக்குத் தலைப்பே இடச்சுட்டாக அமைந்தது. ஊர்ப்பெயரும் கட்டடப் பெயரும் எழுதப்பெறும். அதற்குமேல் அறிய விரும்புவோர் படத்தையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். தலைப்பு அச்சிட்ட தாள் பிரிந்து போயின், படம் ஊரற்றதாகிவிடும். பழஞ்சுவடியின் தலையேடும் கடையேடும் இழந்தமையால் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் அறியாது அலமருகின்ற நிலைக்கு இது முற்றும் ஒப்பாகும்.

அளவெண் படத்தினுள் புகுந்தமை

இடக்குறி தோன்றுதற்கு இரண்டு ஆக்கங்கள் துணையாயின. ஒன்று, ஜி.பி.எஸ். எனப்படும் செயற்கைக்கோள் வழி இடமறியும் முறை. இதன் முதற் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் முறை முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தத்தம் நேரத்தை ஒலிபரப்ப, குறைந்தது நான்கின் குறிப்புக்களைப் பெறும் கருவி, அவை வந்து சேர்ந்த காலவேறுபாட்டினின்றும் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடும். பொதுமக்கள் பெறும் குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அதனால் நூறு மீட்டர் வரை பிறழ்ச்சி நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டு மே திங்களில் அப்பிழை நீக்கப்பட்டது. அதன்பின் பிறழ்ச்சி பத்து மீட்டர் அளவிற்குக் குறைந்தது. ஆதலின், 2000-க்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் ஒரே மதிப்புடையன அல்ல. எழுத்தமைதி கொண்டு கல்வெட்டின் காலம் காண்பவர், அளவெண்ணுக்கும் இத்தகைய காலவேறுபாடு உண்டென்பதை மறத்தலாகாது.

மற்றொன்று எக்ஸிஃப் என்னும் தரம். சப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்றால் 1995-இல் வகுக்கப்பெற்ற இத்தரம், படம் எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் முதலிய விவரங்களைப் படக் கோப்பினுள்ளேயே எழுதுதற்கு வழிசெய்தது. 2002-இல் வந்த அதன் 2.2-ஆம் பதிப்பில் இடத்திற்கெனத் தனிப்பகுதியே உண்டு. அதில் அகலாங்கு பாகை, கலை, விகலை என மூன்று எண்களாக நிற்கும். வடக்கோ தெற்கோ என்பது வேறொரு புலத்தில் ஓரெழுத்தால் குறிக்கப்படும். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோமாயின், வடக்கு 10 பாகை 46 கலை 58 விகலை, கிழக்கு 79 பாகை 7 கலை 54 விகலை என அமையும். அகலாங்கில் ஒரு விகலை என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். எனவே விகலையை முழு எண்ணாக எழுதின், கோயில் வளாகத்தைச் சுட்டலாம். ஒரு தூணைச் சுட்டல் இயலாது.

மென்பொருள் வழிச் சேர்க்கை

தொடக்கக் காலத்து டிஜிட்டல் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் செயற்கைக்கோள் குறிப்பைப் பெறும் உறுப்பு இல்லை. படம் முன்னர் எடுக்கப்படும். இடம் பின்னர்ச் சேர்க்கப்படும். இச்சேர்க்கைக்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கென்டாரோ டொயாமா, ப. ஆனந்தன் முதலியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுரை ஒரு தொடக்கமாகக் கருதத்தக்கது. அவ்வாண்டிலேயே ஃபில் ஹார்வி என்பார் ஆக்கிய எக்ஸிஃப்டூல் என்னும் மென்பொருளும் வெளிவந்தது. கோப்பினுள் உள்ள இவ்விவரங்களைப் படிக்கவும் திருத்தவும் அது இன்றும் பயன்படுகின்றது.

கீஹோல் என்னும் நிறுவனத்தை 2004-இல் வாங்கிய கூகுள் நிறுவனம், 2005-இல் கூகுள் எர்த் என்னும் புவிப்பட மென்பொருளை வெளியிட்டது. வானிலிருந்து நோக்கும் காட்சியில் கோயிலும் குளமும் தெருவும் பொதுமக்கள் கண்ணுக்கு எளிதிற் புலப்பட்டமை அதன் பயன். பிக்காசா என்னும் படத்தொகுப்பு மென்பொருள் அதனோடு இணைக்கப்பட்டது. படத்தைத் தேர்ந்து, புவிப்படத்தை நகர்த்தி, உரிய இடம் நடுக்குறியின்கீழ் வந்ததும் பொத்தானை அழுத்தினால், அவ்விடத்தின் எண்கள் படத்தினுள் எழுதப்படும். 2006-இல் ஃபிளிக்கர் என்னும் படத்தளமும் நிலப்படத்தின்மேல் படங்களை இருத்தும் வசதியை அளித்தது. 2012-இல் லைட்ரூம் மென்பொருளின் நான்காம் பதிப்பில் நிலப்படப் பகுதி சேர்ந்தது. ஜி.பி.எஸ். உறுப்புடைய கைப்பேசிகள் 2008 முதல் பரவிய பின்னர், பெரும்பாலான படங்களில் இடக்குறி தானே பொறிக்கப்படுவதாயிற்று.

இவற்றை நோக்கின் இடக்குறி மூவகையாற் பெறப்படுதல் போதரும். கருவி தானே எழுதுவது முதல்வகை. நடந்த வழியைத் தனிக்கருவியொன்று பதிந்துவைக்க, அவ்வழிப்பதிவின் நேரத்தையும் படத்தின் நேரத்தையும் ஒப்பிட்டு மென்பொருள் எழுதுவது இரண்டாம் வகை. நிலப்படத்தை நோக்கி ஒருவர் தம் நினைவாலோ ஊகத்தாலோ கையால் இடுவது மூன்றாம் வகை. முதலது எல்லைக்கல்லைப் போன்றது. இரண்டாவது பிடி நடந்த வழியைப் போன்றது. மூன்றாவது பதிப்பாசிரியர் சுவடியிற் சேர்த்த எழுத்தைப் போன்றது. மூன்றும் கோப்பினுள் ஒரே வடிவில், ஒரே புலத்தில் நிற்றலே ஆய்வாளரை இடருறுத்துவது. கையால் இட்டவனும் ஆறு பதின்ம இலக்கம் வரை எண் பெறுகின்றான். ஆறாம் இலக்கம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். அவ்வளவு நுட்பம் அவன் அறிவில் இல்லை. நிலப்படம் தந்த தோற்றமே அது.

பிழை நேரும் வாயில்கள்

வழிப்பதிவு முறையில் பிழையின் வாயில் கடிகாரமாகும். செயற்கைக்கோள் நேரம் உலகப் பொதுநேரத்தை ஒட்டியது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முற்பட்டது. இவ்வேறுபாட்டைச் சரிசெய்யாவிடின், காலையில் திருவையாற்றில் எடுத்த படம் மாலையில் சென்று சேர்ந்த ஊரின் பெயரைப் பெறும். அதனைச் சரிசெய்தும், கருவியின் கடிகாரம் இரண்டு நிமிடம் பிறழ்ந்திருப்பின், நடந்து செல்பவர்க்கு நூற்றைம்பது மீட்டருக்கு மேலும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்தியில் செல்பவர்க்கு இரண்டு கிலோமீட்டரும் இடம் விலகும். இரண்டு கிலோமீட்டர் என்பது காவிரிப் படுகையில் அடுத்த ஊராகும்.

இரண்டாம் வாயில் புவியின் வடிவு பற்றியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் எவரெஸ்டு 1830-இல் கணித்த புவியுருவை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். முறை 1984-ஆம் ஆண்டின் உலகப் பொதுவடிவைக் கொண்டது. முன்னதிலிருந்து எண்ணைப் படித்து மாற்றாமல் பின்னதில் இடுவோமாயின், இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகக்கூடும். ஒரே எண், இருவேறு இடம் என்க.

மூன்றாம் வாயிலே வரலாற்று ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. எக்ஸிஃப் குறிக்கும் இடம் கருவி நின்ற இடமேயன்றிப் படத்தில் தோன்றும் பொருளின் இடம் அன்று. மலையடியில் நின்று குன்றின் உச்சியிலுள்ள சமணர் படுக்கையைப் படமெடுத்தால், மலையடியே பதிவாகும். வயலில் நின்ற நடுகல் ஒன்று அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பட்டபின் படமெடுக்கப்பட்டால், அப்படத்தின் இடக்குறி அருங்காட்சியகத்தின் இடக்குறியே. கல் நின்ற ஊரை அவ்வெண் ஒருபோதும் கூறாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தே, பன்னாட்டுச் செய்திப்படத் தரமாகிய ஐ.பி.டி.சி. படம் எடுத்த இடத்திற்கு ஒரு புலமும், படத்தில் காட்டப்பெறும் இடத்திற்கு வேறொரு புலமும் வகுத்துள்ளது. இரண்டையும் நிரப்புவோர் சிலரே.

இனி, டிரைப் ஒட்டிய இருபத்தொரு படங்களை மீண்டும் நினைவோம். அவை இன்று எடுக்கப்பட்டு ஒவ்வொன்றிலும் இடக்குறி பொறிக்கப்படினும், கருவியின் பிறழ்ச்சி சில மீட்டர் ஆதலின், எது முன், எது பின் என எண்கள் கூறமாட்டா. கல்வெட்டின் வரியொழுங்கைக் காத்தது அவர் கையால் ஒட்டிய வரிசையே. விமானத்தின் எப்புறம், அடித்தளத்தின் எவ்வுறுப்பு, எத்தனையாவது வரி என்பனவற்றைச் சொல்லால் எழுதுதல் இன்றும் வேண்டப்படும்.

சிரீபுரந்தான் படம்

இடம் கூறும் பதிவு என்ன செய்ய வல்லது என்பதற்கு அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் நடராசர் திருமேனியின் வரலாறு சான்றாகும். 1955-இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்து, ஊரும் நாளும் குறித்து வைத்து வந்தது. அந்நிறுவனத்தார் 1994-இல் சிரீபுரந்தான் கோயிலில் இருந்த நடராசரைப் படமெடுத்திருந்தனர். பின்னர் அத்திருமேனி களவுபோயிற்று. ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் விலைக்கு அதனை வாங்கியது. கான்பெராவில் இருந்த திருமேனியும் 1994-ஆம் ஆண்டுப் படமும் ஒப்பிடப்பட, இரண்டும் ஒன்றே என்பது வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆத்திரேலியத் தலைமையமைச்சர் அதனை இந்தியத் தலைமையமைச்சரிடம் ஒப்படைத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அவ்வமயமே திரும்பியது. அதற்கும் மாடத்தில் இருந்த நிலையில் எடுத்த பழைய படம் துணைநின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. 1994-ஆம் ஆண்டுப் படத்தில் இடக்குறி இல்லை. அகலாங்கு நெட்டாங்கு எவையும் இல்லை. கான்பெராவில் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படத்திலோ இடக்குறி இருந்திருக்கும். அது தெற்கு 35 பாகை என நுட்பமாகக் கூறியிருக்கும். அவ்வெண் பொய்யன்று, ஆயினும் திருமேனியின் ஊரை மறைக்கும். ஊர்ப்பெயர், கோயிற்பெயர், நாள், எடுத்தவர் நிறுவனம் என்னும் நான்கும் கூடிய எளிய குறிப்பே வழக்கில் வென்றது. எண்ணின் நுட்பம் வேறு; சான்றின் வலிமை வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இடக்குறிக்கு மறுபுறமும் உண்டு. 2007-இல் ஈராக்கில் வீரர்கள் எடுத்து வெளியிட்ட படங்களின் இடக்குறியைக் கொண்டு எதிரிகள் தாக்கி நான்கு எலிகாப்டர்களை அழித்ததாக, அமெரிக்கப் படைத்துறை 2012-இல் வெளியிட்ட எச்சரிக்கை கூறுகின்றது. நம் நாட்டில் காவலற்ற கோயில்களும், காட்டினுள் நிற்கும் நடுகற்களும் பல. அவற்றின் படத்தை நுட்பமான எண்ணோடு யாவரும் காண வெளியிடுதல், ஆய்வாளர்க்கு வழிகாட்டுவது போலவே கள்வர்க்கும் வழிகாட்டும். எண்ணை ஆய்வுத்துறையில் முழுமையாகக் காத்து, வெளியீட்டில் ஊரளவோ வட்டத்தளவோ காட்டுதல் தக்கதாகும்.

காத்தல் பற்றிய ஐயம்

நிலப்படத்தின் வழி இட்ட இடக்குறி எங்கே தங்குகின்றது என்பதும் ஆராயத்தக்கது. சில மென்பொருள்கள் அதனைக் கோப்பினுள்ளேயே எழுதும். படத்தளங்கள் சில தம் கணிப்பொறியில் தனியே வைத்துக்கொள்ளும். பின்னது ஏட்டின் ஓரத்தில் எழுதாது வேறொருவர் வீட்டு ஏட்டில் எழுதிய குறிப்பை ஒக்கும். நிலப்படத்தின்மேல் படங்களை இருத்துதற்கென்றே 2005-இல் தோன்றிய பனோராமியோ என்னும் தளம் 2016-இல் மூடப்பட்டது. பிக்காசாவும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. இவற்றின்வழிக் கோப்பினுள் எழுதப்பெற்ற குறிகள் எஞ்சின. தளத்தில் மட்டும் இருந்தவை தளத்தோடு நின்றன. மேலும், செய்தி பரிமாறும் செயலிகள் பல, படத்தை அனுப்புங்கால் இவ்விவரங்களை நீக்கிவிடும். ஆசிரியர்க்கு மாணவர் கைப்பேசி வழி அனுப்பும் கல்வெட்டுப் படம் தலையேடிழந்த சுவடியாகவே வந்து சேர்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இடக்குறி ஓர் உண்மையன்று, ஒரு கூற்று என்பது தெளிவாகும். கூற்றெனின், கூறியவர் யார், எக்கருவியால், எப்பொழுது என்னும் வினாக்கள் எழும். பண்டைச் செப்பேடு அவ்வினாக்களுக்கு விடையைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. எக்ஸிஃப் தரத்திலும் அதற்கு இடமில்லாமல் இல்லை. இடம் பெற்ற முறையைக் குறித்தற்கென ஒரு புலம் அதில் உண்டு. செயற்கைக்கோளாற் பெற்றதா, கைப்பேசிக் கோபுரத்தாற் பெற்றதா, கையால் இட்டதா என அதில் எழுதலாம். இப்புலம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகின்றது.

ஆதலின், கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் மூன்றனைக் கைக்கொள்ளல் நலம். புறப்படுமுன் கருவியின் கடிகாரத்தைச் சரிபார்த்தல் ஒன்று. கையால் இட்ட இடக்குறியைக் கையால் இட்டதென்றே குறித்தல் இரண்டு. பொருள் இருந்த இடத்தையும் கருவி நின்ற இடத்தையும் வெவ்வேறாக எழுதி, ஊரும் கோயிலும் கோயிலின் பகுதியும் சொல்லாலும் பொறித்தல் மூன்று. சுவடியில் இல்லாத எழுத்தைத் தாம் சேர்த்தவிடத்து அதனைப் பகர அடைப்பினுள் இட்டுக் காட்டுதல் நல்ல பதிப்பாசிரியர் மரபு. பாடம் வேறு, தம் கருத்து வேறு என அவர் பிரித்துக் காட்டியமையாலன்றோ பிற்காலத்தார் அதனைத் திருத்த முடிந்தது! நிலப்படத்தின்மேல் நாம் இடும் புள்ளிக்கும் அவ்வடைப்புக்குறி வேண்டும். அஃது இல்லாவிடின், இன்று நாம் ஊகித்து இட்ட இடம் நாளை ஒருவர்க்குச் சான்றாகி, அவர் தேடும் கல் அங்கு இல்லாமையால் அக்கல்லே இல்லையென முடிவு கூறவும் நேரும்.